மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தால்: முதலில் வாசல், பிறகுதான் வாளி

31 ஆண்டுத் தீயணைப்புப் பணியில், "அணைந்துவிட்டது" என்று நான் சொல்லி அது பொய்யாகிப்போனது இரண்டு முறை.

முதல் முறை, பணியில் சேர்ந்த புதிதில், கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு களத்தில் எரிந்த வைக்கோல் போர். இரண்டு வண்டித் தண்ணீரைக் கொட்டினோம். மேலே புகை நின்றது. குழாய்களைச் சுருட்டிக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் விடியற்காலையில் அதே விவசாயியிடமிருந்து மறுபடி அழைப்பு. போரின் நடுவயிற்றில் கங்கு அப்படியே இருந்திருக்கிறது. என் நிலைய அலுவலர் திட்டவில்லை. "போரைப் பிரித்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு எந்தப் போரையும் பிரித்துப் பார்க்காமல் நான் திரும்பியதில்லை.

இரண்டாம் முறை, ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஈரோட்டில் ஒரு வீட்டு முகப்பில் நின்றிருந்த மின் ஸ்கூட்டர். நாங்கள் போய்ச் சேரும்போது இருக்கைக்கு அடியிலிருந்து தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. பையன்கள் பவுடர் அடித்தார்கள். பத்து விநாடியில் தீ அடங்கியது. வெள்ளைப் பொடி போர்த்திய வண்டியைப் பார்த்து, நான்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். வீட்டு அம்மா, "வெயிலில் வந்திருக்கிறீர்கள், தம்பி" என்று சொல்லி நீர்மோர் கொண்டுவந்தார். பாதி தம்ளர் குடித்திருப்பேன். பட்டாசு போல ஒரு சத்தம், பின்னாலேயே இன்னொன்று. முன்னைவிடப் பெரிய தீ. பக்கத்தில் குனிந்து நின்ற ஒரு தம்பிக்குப் புருவம் கருகியது. அவன் தலைக்கவசத்தின் முகத்திரையை இறக்காமல் இருந்ததற்கும் நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல்தான் காரணம்.

வைக்கோல் போரைப் பிரித்துப் பார்க்கலாம். பேட்டரியைப் பிரிக்க முடியாது. மின்வண்டித் தீயில் உள்ள சிக்கல் முழுவதும் அதுதான். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

உள்ளே நடப்பது

மின் ஸ்கூட்டர் பேட்டரி என்பது ஒரே கட்டி அல்ல. கட்டைவிரல் பருமனுள்ள உருளைச் செல்கள் நூற்றுக்கணக்கில் ஒரு பெட்டிக்குள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் தட்டையான செல்கள். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு முனைகளைப் பிரித்து வைக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் உண்டு; எரியக்கூடிய ஒரு திரவமும் உண்டு. அடிபட்டாலோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ, தயாரிப்பிலேயே ஒரு துகள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலோ செல் சூடாகும். ஏறத்தாழ 130 டிகிரியில் அந்தத் தாள் உருகும். முனைகள் தொட்டுக்கொள்ளும். 200 டிகிரியை நெருங்கும்போது நிக்கல் கலந்த செல்களில் உள்ளே இருக்கும் வேதிப்பொருளே ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கும். அதற்குப் பிறகு செல் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும், நிறுத்த ஆளில்லை. இதைத்தான் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, சரவெடி மாதிரி ஓடும்.

பள்ளியில் படித்த தீ முக்கோணம் நினைவிருக்கும்: வெப்பம், எரிபொருள், ஆக்சிஜன், மூன்றில் ஒன்றை எடுத்தால் தீ அணையும். இங்கே எரிபொருள் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆக்சிஜனை மறைப்பதாலும் பயன் குறைவு. எடுக்கக்கூடியது வெப்பம் ஒன்றுதான். வெப்பத்தை எடுப்பதில் தண்ணீருக்கு இணையாக எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி தீப்பிடிக்காது என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். தீ நாக்கும் குறைவாக வரும். அதுவரை உண்மை. ஆனால் முற்றினால் அதுவும் எரியும் வாயுவைக் கக்கும். தீ இல்லாமல் வாயு மட்டும் மூடிய அறையில் நிறைவது, கண்ணெதிரே எரியும் தீயைவிட எனக்கு அதிக பயம் தருவது.

வெள்ளைப் புகை

தீத்தொண்டு வாரம் ஒவ்வோர் ஏப்ரலிலும் வரும். பள்ளி, மில், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று செயல்விளக்கம் காட்டப் போவோம். கடைசி சில ஆண்டுகளில் எண்ணெய்ச் சட்டித் தீயைவிட மின் ஸ்கூட்டரைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள். நான் திரும்ப ஒரு கேள்வி கேட்பேன்: "வண்டியிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது, தீ இல்லை. என்ன செய்வீர்கள்?" கூட்டத்தில் பாதிப் பேர், கிட்டே போய் இருக்கையைத் திறந்து பார்ப்போம் என்பார்கள்.

செய்யாதீர்கள். நீராவி போலத் தெரியும் அந்த வெள்ளைப் புகையில் ஹைட்ரஜன் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, செல்லுக்குள் இருந்த திரவத்தின் ஆவி இருக்கிறது, கொஞ்சம் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கிறது. முதல் மூன்றும் எரியும். கடைசியது நுரையீரலை அரிக்கும். மூடிய அறையில் இது நிறைந்து ஒரு பொறி கிடைத்தால் வெடிக்கும், கதவே பெயர்ந்துவிடும். பொறிக்கு நீங்கள் விளக்குச் சுவிட்சைத் தட்டினாலே போதும்.

புகைக்கும் முன்பே சில அறிகுறிகள் வரலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற வாடை. குக்கர் விசில் வருவதற்கு முன் சீறுமே, அந்தச் சத்தம். பெட்டி உப்பியிருப்பது. சார்ஜ் ஏறி முடிந்து வெகுநேரம் ஆன பிறகும் கைவைக்க முடியாத சூடு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கீழே சொல்லப்போவதைத் தொடங்கிவிட வேண்டும். தீ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புகையிலிருந்து தீக்குப் போக சில நேரம் பத்து நிமிடம் ஆகும். சில நேரம் பத்து விநாடி.

வீட்டுக்குள் என்றால்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் பைக் தீப்பிடித்து, ஒரு தந்தையும் அவருடைய பதின்வயது மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில், கீழே மின் ஸ்கூட்டர் விற்பனையகம், மேலே தங்கும் விடுதி என்று இருந்த கட்டடத்தில் தீ கீழே தொடங்கியது. 8 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் உயிரைப் பறித்ததில் பெரும்பங்கு புகைக்கு. படிக்கட்டு என்பது அந்த நேரத்தில் புகைபோக்கிக் குழாயாகிவிடும்.

ஆகவே வீட்டுக்குள் பேட்டரி புகைந்தால் அணைப்பது உங்கள் வேலை அல்ல. கத்துங்கள், எல்லோரையும் எழுப்புங்கள், வெளியேறுங்கள். வெளியேறும்போது வண்டி இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். பூட்ட வேண்டாம். சாதாரண மரக்கதவு சாத்தியிருந்தால்கூடப் புகை பரவுவதற்குச் சில நிமிடங்கள் தாமதமாகும். மாடியில் இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிய சொத்து. பணம், பத்திரம், நகை என்று பீரோவைத் திறப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை எந்த நிலையில் பார்த்தேன் என்பதை எழுத விருப்பமில்லை.

மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்தான். ஆனால் மெயின் சுவிட்ச் நீங்கள் வெளியேறும் வழியில், புகை இல்லாத இடத்தில் இருந்தால் மட்டும். புகைக்குள் புகுந்து வண்டியின் பிளக்கைப் பிடுங்கப் போகாதீர்கள். மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருக்கும் வீடுகளில் வெளியே வந்த பிறகே மெயினை இறக்கிவிடலாம்.

பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கழற்றி எடுக்கும் வகை பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை வரும். ஒருவர் அப்படிப் புகைந்த பெட்டியைக் கைப்பிடியைப் பிடித்து மொட்டைமாடிக்குத் தூக்கிப் போகப் பார்த்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது கையிலேயே சீறியது. போட்டுவிட்டு ஓடினார். அவர் போட்ட இடம் படிக்கட்டு. மேலே மூன்று குடும்பங்கள். அன்று ஏணி வைத்து இறக்கினோம். நல்லவேளையாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அவருடைய வலது உள்ளங்கைத் தோலைத் தவிர வேறு சேதம் இல்லை.

நீங்கள் மேல்மாடியில் இருக்கிறீர்கள், படிக்கட்டில் ஏற்கெனவே கரும்புகை ஏறிவிட்டது என்றால் இறங்க முயலாதீர்கள். லிஃப்ட் பக்கம் போகவே வேண்டாம். உள்ளே திரும்பி, வாசற்கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துணியை அடைத்து, தெருவைப் பார்த்த பால்கனிக்கோ ஜன்னலுக்கோ போய் நில்லுங்கள். துணியை வீசிக் காட்டுங்கள். குளியலறைக்குள் ஒளிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதே என்று. பெரும்பாலான குளியலறைகளில் ஆள் வெளியே தெரியும் அளவுக்கு ஜன்னல் கிடையாது. நாங்கள் தேடுவதும் கடினம். முகத்தில் ஈரத்துணி கட்டினால் கரியை ஓரளவு தடுக்கும். கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதை நம்பிப் புகைக்குள் நடக்காதீர்கள்.

வெளியே வந்ததும் 101 அல்லது 112. "வீடு எரிகிறது" என்று மட்டும் சொல்லாமல், "மின் ஸ்கூட்டர் பேட்டரி, தரைத்தளம், மேலே இத்தனை பேர்" என்று சொல்லுங்கள். பேட்டரி என்ற சொல் காதில் விழுந்தால் மூச்சுக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டே வருவோம்; இரண்டாவது வண்டியையும் அப்போதே கேட்போம். தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள். குறுக்குச் சந்துகளில் நாங்கள் வழி தேடி இழந்த நிமிடங்களைக் கூட்டினால் ஒரு ஆண்டுப் பணிக்காலம் வரும்.

தண்ணீர் ஊற்றலாமா?

இதுதான் எல்லோரும் கேட்பது. அதிகம் தவறாகப் பரவியிருப்பதும் இதுவே. "லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும்" என்பது வேதியியல் வகுப்பில் கற்றது, தூய லித்தியம் உலோகத்துக்குச் சரி. வண்டிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. அதில் உலோகத் துண்டாக லித்தியம் கிடையாது. உலகெங்கும் தீயணைப்புத் துறைகள் இந்தத் தீக்குத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகின்றன. உலோகத் தீக்கென்று விற்கும் சிறப்புப் பொடியை இதற்கு வாங்கி வைத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் "ஊற்றலாம்" என்பதற்கும் "நீங்கள் ஊற்றுங்கள்" என்பதற்கும் நிறைய தூரம்.

வண்டி திறந்தவெளியில் இருக்க வேண்டும். சார்ஜரில் மாட்டியிருந்தால் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரியின் 50 வோல்ட் சொச்சத்தைவிட, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்தான் தண்ணீரோடு சேர்ந்து ஆளைக் கொல்லும். காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீச வேண்டும். குழாய் இருக்க வேண்டும், வாளி உதவாது. வாளியை வீச ஐந்தடிக்குள் போக வேண்டும், அவ்வளவு அருகில் வெடித்த செல்கள் நேரே உங்கள் மேல் தெறிக்கும். செல்கள் பெட்டியை விட்டுப் பறந்து பத்து மீட்டர் தாண்டி விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வாளியில் 15 லிட்டர். அது தீ நாக்கை அமுக்கும், உள்சூட்டை ஒன்றும் செய்யாது. நிறுத்தாமல் ஒரே இடத்தில், பேட்டரிப் பெட்டியின் மேலேயே, பல நிமிடம் கொட்ட வேண்டும். தீ அடங்கிய பிறகும் கொட்ட வேண்டும். என் நீர்மோர்க் கதையில் நாங்கள் பிறகு செய்ததும் அதுதான்: பிராஞ்ச் என்று நாங்கள் சொல்லும் குழாய்முனையைத் தூவல் நிலையில் வைத்து, இருக்கைக்கு அடியில் குறிபார்த்து அரை மணி நேரம்.

வீட்டு மாடித்தொட்டிக் குழாயின் அழுத்தத்துக்குத் தண்ணீர் அவ்வளவு தூரம் எட்டாது என்பதும் எனக்குத் தெரியும். எட்டாவிட்டால் வண்டியை விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரால் பக்கத்தில் இருப்பவற்றை நனையுங்கள்: வீட்டின் மரக்கதவு, ஓலைப்பந்தல், அடுத்த பைக். ஸ்கூட்டர் தனியாகத் திறந்தவெளியில் எரிந்தால் அது எரிந்து முடியட்டும் என்று விடுவது கோழைத்தனம் அல்ல. பல நேரம் நாங்களே அப்படித்தான் முடிவெடுக்கிறோம். எரிந்து தீர்ந்த பேட்டரியில் மறுபடி பற்றிக்கொள்ள மிச்சம் குறைவு. பாதி அணைந்த பேட்டரிதான் ஏமாற்றும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டில், கடையில் இருக்கும் ஏபிசி பவுடர் தீயணைப்பான் தீ நாக்கைச் சில விநாடி அமுக்கும். உங்கள் வெளியேறும் வழியைத் தீ மறித்தால் அந்த விநாடிகளை வாங்க அதைப் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான். கார்பன் டைஆக்சைடு உருளையும் அப்படியே. மணல் குளிர்விக்காது, உள்ளே இருக்கும் சூட்டைப் பொத்தி வைக்கும். ஈரச் சாக்கைப் போர்த்தப் போனால் ஆள் அருகில் போக வேண்டியிருக்கிறது. தீப் போர்வை என்று பெரிய விரிப்புகள் இப்போது விற்கிறார்கள்; பரவலைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அடியில் எரியும் வாயு சேர்ந்து, போர்வையைத் தூக்கும் நேரத்தில் வெடிக்கக்கூடும். பயிற்சியும் முழு உடுப்பும் மூச்சுக்கருவியும் இல்லாதவர் கையில் அது வேண்டாம்.

கார் என்றால்

கார் தீயில் பொதுமக்களுக்கு நான் சொல்வது ஒரே வரி: இறங்கி, முப்பது மீட்டராவது தள்ளிப் போய், அழையுங்கள். இந்தப் பகுதியில் மற்றவை இளம் தீயணைப்போருக்கும் அடுக்குமாடிக் காவலர்களுக்கும்.

காரில் மின்னழுத்தம் 300, 400 வோல்ட், சிலவற்றில் 800. ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகளை வெட்டவோ தொடவோ கூடாது. அந்த உயர் அழுத்தச் சுற்று வண்டியின் உடலோடு இணையாமல் தனித்தே இருப்பதால், தள்ளி நின்று தூவலாகத் தண்ணீர் அடிக்கும்போது மின்சாரம் தாரை வழியே ஏறிவரும் ஆபத்து மிகக் குறைவு. இன்னொன்று, மின்காருக்கு எஞ்சின் சத்தம் கிடையாது. நிற்கிறது என்று நினைப்போம், தயார்நிலையில் இருக்கும். முதலில் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

பேட்டரி காரின் தரை முழுவதும் படுத்திருக்கும். மழைநீரும் வெள்ளநீரும் புகாதபடி இறுக்கி மூடிய பெட்டி. இதில் ஒரு வேடிக்கை: வெள்ளத்தை விடாத பெட்டி எங்கள் தண்ணீரையும் விடாது. கூரையில் எவ்வளவு கொட்டினாலும் கீழே ஓடிப்போகும். வண்டியின் அடிப்பக்கம், பக்கவாட்டிலிருந்து, பெட்டியின் வெளிச்சுவரைக் குளிர்விக்க வேண்டும். பொறுமை தீர்ந்து கடப்பாரையால் பெட்டியில் துளை போட நினைக்காதீர்கள். நல்லபடி இருக்கும் செல்களையும் அது எழுப்பிவிடும். வெப்பக் கேமரா இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். சூடு இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதுதான் செய்தி. ஒருமுறை பார்த்த எண்ணில் ஒன்றும் இல்லை.

வாட்டர் டெண்டர் என்னும் எங்கள் தண்ணீர் வண்டி ஒன்றில் ஏறத்தாழ 4,500 லிட்டர். மின்கார்த் தீக்குப் பல வண்டித் தண்ணீர் வேண்டியிருக்கலாம். 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலையோரம் டெஸ்லா நிறுவனத்தின் மின் லாரி ஒன்று எரிந்தபோது சுமார் 1,90,000 லிட்டர் செலவானது. நம் கணக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள். ஆகவே குழாயைத் திறப்பதற்கு முன்பே அடுத்த தண்ணீர் எங்கிருந்து என்று யோசிக்க வேண்டும். அருகில் ஹைட்ரண்ட் என்னும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, கிணறு இருக்கிறதா, தண்ணீர் லாரி கிடைக்குமா.

அடித்தளத்தில் கார் நிறுத்தும் குடியிருப்புகளின் சங்கத்துக்கு ஒரு சொல். 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நின்றிருந்த ஒரு மின்கார் தீப்பிடித்தது. அது சார்ஜில்கூட இல்லை, சும்மா நின்றிருந்தது. தீயை அடக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 800-க்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தும் கரி படிந்தும் கெட்டன. கூரையிலிருந்து தானே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அங்கே இருந்தது. அலாரம் அடித்ததும், பொய் அலாரம் என்று எண்ணி ஒருவர் அந்த ஸ்பிரிங்க்ளரை நிறுத்திவிட்டார். உங்கள் குடியிருப்பில் ஸ்பிரிங்க்ளர் வால்வு திறந்திருக்கிறதா, பம்பு ஓடுகிறதா என்று இன்று மாலை இறங்கிப் பாருங்கள். நான் ஆய்வுக்குப் போன இடங்களில் பம்பு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே பாதி நேரம் போகும்.

அணைந்த பிறகு

அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து, சில நாள் கழித்து, மறுபடி பற்றியிருக்கிறது. எரியாமல் தப்பிய செல்களில் மின்சாரம் அப்படியே தேங்கி நிற்கும். அடிபட்ட நிலையில் நிற்கும். எனவே எரிந்த வண்டியை வீட்டுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ திரும்பக் கொண்டுபோக வேண்டாம். கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் எல்லாப் பக்கமும் 15 மீட்டர் இடைவெளி விட்டுத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். நம் தெருக்களில் அவ்வளவு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். இடம் இல்லாவிட்டால் அங்கிருந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்யாமல் நாங்கள் கிளம்பக் கூடாது. எங்களைக் கிளம்ப விடாதீர்கள். இழுத்துப்போகும் லாரிக்காரரிடமும் பேட்டரித் தீ என்று சொல்லிவிடுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் அதைச் சுத்தியலால் பிரிப்பார்; பிறகு அவர் குடோனுக்கு நாங்கள் போவோம்.

கழற்றிய சிறிய பேட்டரியைச் சில இடங்களில் திறந்தவெளியில் தண்ணீர் நிறைந்த டிரம்மில் மூழ்க வைப்போம். ஐரோப்பாவில் சில நாடுகளில் காரையே அப்படி ஒரு தொட்டிக்குள் இறக்குகிறார்கள். மூழ்கிய பேட்டரி நீரிலும் குமிழி விடும், அந்தக் குமிழியில் ஹைட்ரஜன் உண்டு. மூடி போட்டு அடைக்கக் கூடாது. இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

ஓடிய தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள். புகை பட்ட துணிகளை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். தோலில் எரிச்சல் இருந்தால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வெறும் "தீக்காயம்" என்று சொல்லாமல், "பேட்டரிப் புகை, ஹைட்ரஜன் ஃபுளோரைடு பட்டிருக்கலாம்" என்று சொல்லுங்கள். அதற்குக் கால்சியம் கலந்த தனி மருந்துப் பூச்சு உண்டு. இருமலும் மூச்சிறைப்பும் சில மணி நேரம் கழித்துக் கூட வரலாம். புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று இரவு தனியே படுக்க விடாதீர்கள்.

எங்கே சார்ஜ் போடுவது

நம் வீடுகளில் வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியில், அல்லது ஒரே வாசலை ஒட்டிய நடையில். சார்ஜ் போட அதைவிட மோசமான இடம் கிடையாது. தீப்பிடித்தால் நீங்கள் தாண்டி ஓட வேண்டிய இடத்திலேயே தீ. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், வண்டியை அங்கிருந்து நகர்த்துங்கள். திறந்த முற்றம், காம்பவுண்டுச் சுவரோரம், தகரக் கூரை போட்ட தனி இடம், எதுவானாலும் படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவில் வராத இடம். அடுக்குமாடியில் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் படுக்கையறையில் சார்ஜ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு வேண்டாம். வெயிலில் ஓட்டிவந்த உடனே போடாமல் பேட்டரி ஆறட்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடாதீர்கள். இது கடினம் என்று தெரியும், முடிந்தவரை.

2022-இல் அடுத்தடுத்து ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைத் திருத்தினார்கள். முதல் கட்டம் 2022 டிசம்பரிலும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் இறுதியிலும் நடைமுறைக்கு வந்தன. உள்ளே ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் ஒலியும் ஒளியுமாக எச்சரிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. புதிய வண்டியில் அப்படி ஒரு சத்தம் வந்தால் ஹாரன் பழுது என்று நினைத்து வயரைப் பிடுங்காதீர்கள். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த மணியும் இல்லை. உங்கள் மூக்குதான் மணி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி தனி வகை. 2022-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயலின் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாட்கள் கழித்து எரியத் தொடங்கின. உப்பு காய்ந்து உள்ளே மின்சாரம் ஓடப் பாதை போட்டுவிடுகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை வண்டிகள் இருக்கை மட்டும் தெரிய நின்றன என்று நமக்குத் தெரியும். அப்படி மூழ்கியதைத் துடைத்துச் சார்ஜில் போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. வெளியே தள்ளி நிறுத்தி, பழுதுபார்ப்பவர் பேட்டரியைத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை தொடாதீர்கள்.

என் மகனும் மின் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறான். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் வண்டிகள் எரிந்து நான் அணைத்த கணக்கு இதைவிடப் பல மடங்கு. வேப்பமரத்தடியில் தகரம் போட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து தனி இணைப்பும் தனி டிரிப்பரும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்து இருபதடி. மழைக்காலத்தில் அவனுக்கு அந்த இருபதடி நடப்பது எரிச்சல். தகரத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பின்சக்கரத்தில் காக்கை எச்சம் விழுவது அதைவிட எரிச்சல். காலையில் ஈரத்துணியோடு போய் அதைத் துடைப்பது என் வேலை என்று வீட்டில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.